ஷிப்ட் பருந்து

"பருந்துக்கும் ஷிப்ட் கீது" என்று லூர்து மேரி சொன்னபோது அவள் புருசன் செல்வநாதனுக்குப் புரையேறிவிட்டது. கருவாட்டுக் குழம்பும் சோறுமாக வாய் நிறைய வைத்திருந்தவன் இருமித் தீர்த்து, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பூசைக்கும் போகுமா என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பார்த்த வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பருந்து மெய்யாலுமே வந்ததில்லை.

பென்னலூரில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே வந்து டீக்கடை, கறிக்கடை, ரீசார்ஜ் கடை எல்லாம் தாண்டினால் அவர்கள் வீடு. முன்னால் இவர்கள் இருக்கிற இரண்டு அறை. பக்கவாட்டில் வரிசையாக வாடகை ரூம்கள். அதில் எல்லாம் தெற்கத்திப் பெண்பிள்ளைகள், ஒரகடத்துக் கம்பெனிகளில் லைனில் நிற்கிறவர்கள். பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், குப்பைமேடு, கோழிக்கூண்டு. அந்த இடம் மட்டும்தான் இன்னும் மண்ணாக இருந்தது. மற்றதெல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டது.

செல்வநாதன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். காலையிலும் மத்தியானமும் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, வேலை முடித்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து தெருமுனைக் கறிக்கடை வாசலில் இறக்கிவிடுவான். ரூம் கிடைக்காமல் அலைகிற பிள்ளைகளைத் தினமும் பஸ்ஸில் பார்க்கிறவன் அல்லவா, பின்பக்கத்து மண்ணைக் கண்டாலே அவனுக்குக் கை அரித்தது. இன்னும் இரண்டு ரூம் போடலாம் என்பான். மேரி அசையவில்லை. ரூமெல்லாம் உன் பேரில் இருக்கிறது, கோழியாவது என் பேரில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

ஆடி பிறந்ததும் கறுப்பி என்கிற கோழி கூடை நிறையக் குஞ்சு பொரித்தது. அடுத்த வாரமே பருந்து விழ ஆரம்பித்தது. செல்வநாதன் அந்தச் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மாதா திருநாள் வரைக்கும் பார்ப்பேன், இந்த ஈட்டுக் குஞ்சில் பாதி தேறினால் கோழி இருக்கட்டும், தேறாவிட்டால் மேஸ்திரியைக் கூப்பிட்டு ரூமுக்கு அஸ்திவார வானம் தோண்டிவிடுவேன் என்றான். மேரியும் சரி என்று தலையாட்டிவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து கோழி வளர்க்கிறவளுக்கு அது ஒரு பெரிய பந்தயமாகத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தாள். முருங்கைக் கிளையில் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டாள். ரூம் பிள்ளைகள் கம்பெனியிலிருந்து சாமான் சுற்றிவந்த வெள்ளிக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கீறிக் கயிற்றில் கட்டினாள். வெயிலில் அது பளபளவென்று அடித்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கடை திறப்புவிழாவா என்று கேட்டாள். குஞ்சுகளுக்கு முதுகில் ரோஸ் சாயம் பூசினாள். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். காணாமல் போனதை மீட்டுத் தருகிற புனிதர்தான், ஆனால் பருந்து விழுங்கியதை அவர் எங்கிருந்து மீட்பார் பாவம். மீன்வலை வாங்கி மேலே கட்டினாள், ஆடிக்காற்று அதைக் கிழித்து முருங்கையில் சுற்றிவிட்டது. கூடையைப் போட்டே மூடி வைத்தால் குஞ்சுகள் வெயில் இல்லாமல் சொங்கிப் போய்த் தூங்கி விழுந்தன. திறந்துதான் ஆகவேண்டும். திறந்தால் ஒன்று போயிற்று.

இதில் அவள் வயிற்றெரிச்சலையும் மீறி மேரியைக் குடைந்தது வேறொன்று. பருந்து என்றால் எப்போது வேண்டுமானாலும் வரும், உச்சிவெயிலில் வரும், மழைக்கு முன்னால் வரும். இது அப்படி வரவில்லை. ஒரு வாரம் முழுக்கக் காலையில், வெயில் ஏறுகிற நேரத்தில் வந்தது. இன்னொரு வாரம் காலையில் எட்டிக்கூடப் பார்க்காமல் மத்தியானத்துக்கு மேல் வந்தது. நடுவில் ஒரு வாரம் ஒரு குஞ்சும் போகவில்லை. சரி, ஒழிந்தது சனியன் என்று அவள் அந்தோணியாருக்கு இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினாள். அடுத்த திங்கட்கிழமை திரும்பவும் காலையில் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

முதலில் மோட்டார்தான் காரணம் என்று நினைத்தாள். பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வந்ததும் குளிக்க ஓடுவார்கள், டேங்க் காலியாகும். மோட்டார் சுவிட்ச் வாசல்பக்கம் இருக்கிறது. அது கிழட்டு மோட்டார், காற்று வாங்கும், பக்கத்தில் நின்று சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் பின்பக்கம் ஆள் இருக்காது. நான் மோட்டார் போடப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்து இறங்குகிறது திருட்டு நாய் என்று பருந்தைத் திட்டினாள்.

ஆனால் அதுவும் பொருந்தவில்லை. ரூமுக்கு ஒரு ஷிப்ட், ஆகவே மோட்டார் காலையிலும் ஓடியது மத்தியானமும் ஓடியது. பருந்து ஒரு நேரத்துக்குத்தானே வருகிறது? சோளம் புடைத்துக்கொண்டே இதை யோசித்தவளுக்கு முறம் கையிலேயே நின்றுவிட்டது. காலையில் வந்த வாரம் மூன்றாம் நம்பர் ரூம் பெண் நைட் ஷிப்ட். மத்தியானம் வந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட். குஞ்சு போகாத வாரம் அவளுக்கு செகண்ட் ஷிப்ட், ஊரடங்கிய பிறகுதான் வந்தாள். அப்படியென்றால் பருந்து மோட்டாரைப் பார்த்து வரவில்லை. ஒரு ஆளைப் பார்த்து வருகிறது. எதற்கு?

மூன்றாம் நம்பர் ரூமில் இருந்தவள் சந்தனமாரி. தென்காசிப் பக்கம். ஒல்லியான பிள்ளை, அதிர்ந்து பேசாது, வாடகை கேட்கவைக்காது, ஊருக்குப் போய் வந்தால் ஒரு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்து அக்கா என்று கொடுக்கும். அந்தப் பிள்ளைக்கும் பருந்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று மேரிக்கு மண்டை காய்ந்தது. கோபத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது போல இருந்தது.

மறுநாள் மோட்டாரை முன்னாடியே போட்டு டேங்கை நிரப்பிவிட்டு, பின்பக்கம் குளியல்தடுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது வழியாகப் பார்த்தால் முருங்கையும், மொட்டைமாடிச் சுவரும், தூரத்தில் ஹைடென்ஷன் டவரும் தெரிந்தன. டவர் கம்பியில் பருந்துகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கோழியைப் பார்க்கவில்லை. எல்லாம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

தெருமுனையில் செல்வநாதனின் பஸ் ஹாரன் கேட்டது. டவரில் இருந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்தன. மேரி தகர ஓட்டையில் கண்ணை இன்னும் ஒட்டிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் மொட்டைமாடியில் சந்தனமாரி வந்து நின்றாள். கம்பெனி யூனிபார்ம், கழுத்தில் இன்னும் அடையாள அட்டை, கையில் ஒரு கறுப்பு கேரிபேக். வானத்தைப் பார்த்தாள். செம்மண் நிறத்தில் வெள்ளைத் தலையோடு ஒன்று தனியாகக் கீழே இறங்கி வந்ததும் கேரிபேக்கில் கையை விட்டு எதையோ எடுத்து மேலே வீசினாள். அது பறந்தபடியே காலால் பிடித்து, பறந்தபடியே குனிந்து தின்றது. அந்தப் பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது. பிறகு இன்னொரு தரம் வீசியது. மற்ற கரும்பருந்துகள் அதற்குள் பின்னிப் பிணைந்து சண்டை போட்டன. கிடைத்தது கிடைத்தவைக்கு. கிடைக்காத ஒன்று சுவரோரமாகச் சறுக்கி வந்து, மேரி வாயைத் திறப்பதற்குள் ரோஸ் சாயம் பூசிய ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. கறுப்பி எகிறி எகிறிக் கத்தியது.

மேரி மாடிப்படியில் ஏறும்போது அவளை நார் நாராகக் கிழிக்க வேண்டும் என்றுதான் ஏறினாள். கையில் குழம்புக் கரண்டிகூட இருந்தது, எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. ஆனால் சந்தனமாரியின் முகத்தைப் பார்த்ததும் முதலில் வந்தது கேள்விதான்.

"இன்னாடி கீது அந்தக் கவர்ல?"

"கோழிக்கொடலுக்கா. முக்குக் கடையில சும்மா குடுப்பாவ."

"இன்னாத்துக்கு அத்தப் போட்றே?"

"கருடனுக்குக்கா" என்றாள் சந்தனமாரி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. அப்புறம் மேரி வேதக்காரி என்பது நினைவுக்கு வந்து விளக்கினாள். அவள் ஊரில் கோயில் கொடையன்று கருடன் வந்து வட்டம் போட்டால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இங்கே வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் துணி காயப்போட ஏறியவள் கருடனைப் பார்த்தாள், அன்றைக்கே சூப்பர்வைசர் அவளை நல்ல லைனுக்கு மாற்றினார். பெர்மனென்ட் ஆக்குகிறவர்களின் பேர் வருகிற வரைக்கும் வேலை முடிந்து வந்ததும் கருடனைப் பார்த்துவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். ஆனால் கருடன் என்ன, இவள் நேரத்துக்கு வருமா? ஒருநாள் சாப்பாட்டு டப்பாவில் மிஞ்சிய மீன்துண்டைத் தூக்கிப் போட்டாள். மறுநாள் அது காத்திருந்தது.

"அப்பறம் கூட நாலு கள்ளப்பருந்தும் சேந்துக்கிச்சு. நான் கருடனைத்தான்க்கா கூப்பிட்டேன்."

"எங்குஞ்செல்லாம் அதுங்கதாண்டி தின்னுது."

சந்தனமாரிக்கு அதுவரைக்கும் அது தோன்றவே இல்லை. மாடியிலிருந்து பார்த்தால் பின்பக்கம் முருங்கை மறைக்கும். மேலேயே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் கீழே என்ன பார்ப்பாள்? முகம் செத்துப்போய், படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள், ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்றாள். செல்வநாதனிடம் சொன்னால் கோழி பிழைக்கும், இந்தப் பிள்ளை தெருவில் நிற்கும். சொல்லவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது கால்லயே எப்டிடி புடிக்குது, ஒரு தபாகூடத் தவற வுடாம?"

"நாளைக்கு நீங்க போட்டுப் பாருங்கக்கா" என்றாள் சந்தனமாரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் அவர்கள் எதையும் போடவில்லை. நிறுத்தினால் தீர்ந்தது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அதுதான் தப்பாகிப் போயிற்று. பஸ் வந்தது, மாடியில் கருடனைப் பார்க்க நின்றவளைக் கண்டு பருந்துகள் வந்தன, அவள் கையில் ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாம் சேர்ந்து கோழிமேல் இறங்கின. மேரி துடைப்பத்தோடு நின்றும், அவள் கண்ணெதிரேயே குஞ்சு போயிற்று. பழக்கிவிட்ட வயிறு சொன்னால் கேட்குமா?

இரண்டு பேரும் அன்று மேரியின் அடுப்படியில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழைக் குடித்துக்கொண்டு யோசித்தார்கள். நேரத்தை மாற்ற முடியாது, அது கம்பெனி கையில் இருக்கிறது. இடத்தை மாற்றலாம் என்றாள் மேரி. ஒரேயடியாக மாற்றினால் அதுகளுக்குப் புரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க வேண்டும் என்றாள் சந்தனமாரி. அப்படியே செய்தார்கள். முதலில் பின்சுவருக்கு அப்பால் கல் நட்டுப் போட்டிருந்த காலி மனையில் நின்று வீசினார்கள். பிறகு மனைக்கு அந்தக் கோடியில். பிறகு வாய்க்கால் மதகில். நைட் முடித்துத் தூக்கம் சொக்குகிற கண்ணோடு அந்தப் பிள்ளை கேரிபேக்கும் கையுமாக நடக்கும், மேரி பின்னாலேயே போவாள். கூடையைப் போட்டுக் குஞ்சை மூடிவிட்டுப் போவாள், வந்து திறந்துவிடுவாள். கடைசியில் ஏரிக்கரைத் திருப்பத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஆவணி மழையில் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருந்தது. பஸ் கடக்கிற இடம் என்பதால் பருந்துகளுக்கும் அது பிடித்துவிட்டது. டவரை விட்டுக் கரைப் பனைகளில் வந்து உட்கார்ந்துகொண்டன.

செகண்ட் ஷிப்ட் வாரத்தில் சந்தனமாரி வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், கரையிலேயே பஸ் ஏறிக்கொள்வாள். மேரியும் வீசக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை அவள் வீசிய குடல் அவள் தலையிலேயே விழுந்தது. சந்தனமாரி விழுந்து விழுந்து சிரித்தது அன்றைக்குத்தான். கருடன் சாய்ந்து வந்து காலை நீட்டி எடுத்துப்போகிற அழகை மேரி ஆவென்று பார்ப்பாள். கோழி வளர்க்கிறவள் பருந்தை ரசிக்கிறாளே என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

குஞ்சுகள் தேறின. இறக்கை முளைத்து, சாயம் போய், சேவல் எது பெட்டை எது என்று தெரிய ஆரம்பித்தது. பாதிக்கு மேலேயே இருந்தன. செல்வநாதன் பின்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தான். எப்படி என்றும் கேட்கவில்லை. கேட்பான் என்று மேரி ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள், அது வீணாகப் போயிற்று.

மாதா திருநாளுக்கு முந்தின வாரம் கம்பெனியில் பேர் போட்டார்கள். சந்தனமாரி பேர் இல்லை. கான்ட்ராக்ட் முடிந்தவர்களை அப்படியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு வந்து, மீதியிருந்த கருப்பட்டியை மேரி கையில் கொடுத்தது. தினமும்தான் கருடனைப் பார்த்தேன் அக்கா என்றது. உன்னாலதாண்டி என் கோழி போச்சு, உன்னாலதாண்டி பொழைச்சுது என்று மேரி கட்டிக்கொண்டு அழுதாள். நாளையிலிருந்து அதுகளுக்கு யார் போடுவது என்று சந்தனமாரி கேட்டாள். நான் போடுகிறேன் என்றாள் மேரி. ஆனால் இனி எந்த பஸ்ஸுக்கு இறங்கும் என்று தெரியாமல் காலையில் ஒரு தரம் மத்தியானம் ஒரு தரம், மோட்டாரையும் விட்டு, அடுப்பையும் விட்டு ஏரிக்கரைக்கு ஓட முடியுமா என்று அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் கரையிலிருந்து திரும்பி வந்தபோது பின்பக்கத்தில் தணிகாசலம் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். முருங்கையிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் கயிறு பிடித்திருந்தது. செல்வநாதன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கறுப்பியும் குஞ்சுகளும் கயிற்றைத் தாண்டித் தாண்டி மேய்ந்துகொண்டிருந்தன.

பாதிக்கு மேல் தேறியிருக்கிறதே, பேச்சு என்ன ஆயிற்று என்று மேரி கேட்டாள். செல்வநாதன் மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொறுமையாகத்தான் சொன்னான்.

"இன்னிக்குத் தேறிச்சு, நாளைக்கு? அந்தப் பொண்ணுதான் ஊருக்குப் பூட்டுச்சே. இனிமே ஏரிக்கரையில யாரு கொடல் போடுவா? எல்லாம் திரும்பி இங்கதான் வரும். அடுத்த ஈடு ஒண்ணுகூட மிஞ்சாது."

ஏரிக்கரையைப் பற்றி அவள் இவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாடியைப் பற்றியும் சொன்னதில்லை. சந்தனமாரி சொல்லியிருக்க மாட்டாள். தினமும் கறிக்கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி அந்தப் பிள்ளையை இறக்கிவிட்டது யார்? கேரிபேக் வாங்கிக்கொண்டு போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தது யார்? பருந்துக்கும் ஷிப்ட் இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு இவனுக்கு ஏன் புரையேறியது என்று இப்போது அவளுக்கு விளங்கியது.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

செல்வநாதன் கயிற்றைப் பார்த்தான்.

"மாடியில போட்டுகினு இருந்தப்பவே தெரியும். தெனம் நான் குஞ்சுக்குப் பதறுறேன், நீ சோறு துன்னுகினே பாத்துகினு இருந்துகீறே."

பெனிஷாவுக்குத்தானே கட்டுகிறேன், அவளுக்கு ஒரு வருமானம் வேண்டாமா என்று என்னவோ முணுமுணுத்தான். கட்டிக்கொடுத்து மணிமங்கலத்தில் நன்றாக இருக்கிற மகளை இழுத்தது மேரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் கத்தவில்லை.

"பருந்து வயித்துக்குத் தூக்குச்சு, பெனிஷாப்பா. நீ இன்னாத்துக்குத் தூக்குன?"

மேஸ்திரி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் பெண்டாட்டி உள்ளவர்தான். யாரும் சொல்லாமலே கயிற்றின் தன் பக்கத்து முனையை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தார். செல்வநாதன் கையிலிருந்ததும் நழுவிப் போயிற்று. மேரி உள்ளே போய், அன்றைக்குக் கறிக்கடையில் மத்தியானத்துப் பருந்துக்கு என்று வாங்கி வைத்திருந்த குடல் கேரிபேக்கை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டியை ஸ்லோ பண்ணி, ஜன்னல் வழியாக மேலே வீச வேண்டும், கீழே போட்டால் நாய் தின்றுவிடும் என்று சொன்னாள். போகும்போதா வரும்போதா என்று அவன் கேட்டான். ஆள் ஏற்றி வரும்போது என்றாள். வாங்கிக்கொண்டு போனான்.

அந்த வாரக் கடைசியில் சந்தனமாரி ஊரிலிருந்து போன் பண்ணினாள். பீடி சுற்றப் போகிறாளாம், தைக்குப் பிறகு வேறு கம்பெனி பார்க்கலாம் என்று இருக்கிறாளாம். அதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி, கருடன் வருதாக்கா என்று கேட்டாள். மேரி அப்போது குப்பைமேட்டுப் பக்கம் நின்று குஞ்சுகளுக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தாள். ஏரிப்பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பருந்துகள் அங்கே எழுந்து வட்டம் போட்டன. கறுப்பி ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நொய்யைப் பொறுக்கியது.

"வருதுடி. கரெக்ட்டா வருது" என்றாள் மேரி. "இப்ப எங்க வூட்டுக்காரருதான் ஷிப்ட்ல கீறாரு."